தொண்ணூறு நிமிட நைட்ரஜன்

பூட்டிய பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. தெருமுனை வரை போய்விட்டு, அந்தப் பூட்டுக்காக மறுபடியும் மூன்று மாடி ஏறி வருகிறவள் அந்த வேதியியல் துறையில் ஒருத்திதான். அவளுக்கு நிதானம் என்று பெயர் வைத்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் பெயர் ஊன்றிவிட்டது.

நிதானத்தின் வீட்டில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பார்கள். தகரக் கொட்டகை, இரண்டு தையல் மெஷின், தரை முழுக்கப் பச்சைத் துணி. அப்பா வெட்டுவார், அண்ணன் ஓரம் மடிப்பான், அண்ணி தைப்பாள். அந்தக் கொட்டகையிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள். ஒரு பட்டம், அதற்கு மேல் ஒரு பட்டம், இப்போது ஆராய்ச்சி. முன்னால் யாராவது போயிருந்தால் எங்கே குழி, எங்கே மேடு என்று சொல்லியிருப்பார்கள். யாரும் போகாததால் ஒவ்வொரு அடியையும் தட்டித் தட்டிப் பார்த்து வைத்தாள். விண்ணப்பத்தை முதலில் பென்சிலால் நிரப்புவாள், அதன்மேல் பேனாவால் எழுதுவாள், மை காய்ந்ததும் பென்சிலை அழிப்பாள். தவறே செய்யாத பிள்ளை என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். தவறு செய்துவிட்டுத் தப்பிக்கிற வசதி அந்தப் பிள்ளைக்கு இல்லை என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

தன் ஆராய்ச்சி என்னவென்று வீட்டுக்கு ஒருமுறை விளக்கப் பார்த்தாள். போனில் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் மொத்தக் குடும்பம்.

"ஒரு சங்கிலி அண்ணி. கண்ணுக்கே தெரியாது. மணி கோக்கிற மாதிரி ஒவ்வொண்ணா கோக்கணும். முதல் பாதிக்குத் தண்ணின்னா உயிர். மறு பாதி மணியில ஃப்ளூரின் இருக்கும். அதுக்குத் தண்ணியும் ஆகாது, எண்ணெயும் ஆகாது."

"அட, உங்க அண்ணன்! இங்க வாய் ஓயாது. எங்க அம்மா வீட்டுக்கு வந்தா ஒரு மூலையில யார்கூடவும் ஒட்டாம உக்காந்திருப்பார்."

"நடுவுல நான் எங்கடி வந்தேன்?" என்று அண்ணனின் குரல் தூரத்தில் கேட்டது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "தண்ணி ஒட்டக் கூடாதுன்னா நாம துணியில மெழுகு தேய்க்கிறோம். அரை மணி நேரம். நீ மூணு வருஷமாவா மணி கோத்துட்டு இருக்க?"

துறையிலும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள், சற்று மரியாதையான சொற்களில்.

மணி கோப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சங்கிலியின் வளரும் முனை வெறி பிடித்தது. விட்டால் கண்டதையெல்லாம் கோத்துக்கொண்டு, ஒன்று முழ நீளம், ஒன்று சாண் நீளம் என்று ஆளுக்கொரு அளவில் வளர்ந்து நிற்கும். அதற்காக மஞ்சள் நிறத்தில் ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். அது ஒவ்வொரு முனையையும் தூங்க வைக்கும், கொஞ்ச நேரம் எழுப்பும், மணி கோத்ததும் மறுபடி தூங்க வைக்கும். யாரையும் ஓடவும் விடாமல், சாகவும் விடாமல், எல்லோரையும் ஒரே அளவில் வளர்க்கிற ஏற்பாடு. ஆராய்ச்சி மாணவர்களை நடத்தும் முறையும் ஏறக்குறைய இதுதான் என்பதால், அந்த ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக்கூட இதை இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே எதிரி ஆக்சிஜன். குடுவைக்குள் துளி காற்று இருந்தாலும் முனை செத்துவிடும். அதனால் சூடேற்றும் முன், மூடிய குடுவைக்குள் நீண்ட ஊசி வழியாக நைட்ரஜன் வாயுவைக் குமிழ் குமிழாக விட்டு, உள்ளிருக்கும் காற்றை இன்னொரு ஊசி வழியாக வெளியே துரத்துவார்கள்.

அவளுடைய நெறியாளரை எல்லோரும் சார் என்பார்கள். சாரின் ஒவ்வொரு உரையும் தாமரை இலையில் நீர் உருளும் படத்தோடு தொடங்கும். கண்ணாடியில் பூசினால் கறை ஒட்டாது, கப்பலுக்கு அடியில் பூசினால் சிப்பி ஒட்டாது, குழாயில் பூசினால் பாசி ஒட்டாது என்று அடுக்கிக்கொண்டே போவார். கைதட்டல் ஓய்ந்த பிறகு, பூசுகிற பொருள் எங்கே என்று யாராவது கேட்டால் நிதானம் உட்கார்ந்திருக்கும் திசையில் கையைக் காட்டுவார்.

பொருள் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. கோத்து முடித்த சங்கிலியை, அதாவது பாலிமரை, கரைத்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட வேண்டும். தண்ணீர் பிடிக்காத பாதிகள் ஒன்றோடொன்று உள்ளே பதுங்கிக்கொள்ள, பிடித்த பாதிகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, தண்ணீர் புகை படர்ந்ததுபோல் நீலம் தட்டும். அவளுடைய தண்ணீர் நீலம் தட்டவில்லை. முதல் தடவை லேசாகத் தட்டியதுபோல் இருந்தது. சார் அதை விளக்கின் நிறம் என்று சொல்லிவிட்டார்.

"ஆக்சிஜன்" என்றார். "எத்தனை நிமிஷம் நைட்ரஜன் விட்ட?"

"இருபது சார்."

"நாற்பது விடு."

நாற்பது விட்டாள். இன்னும் மோசம். அறுபது என்றார். அதைவிட மோசம். கடைசியில் தொண்ணூறு நிமிடம் என்று முடிவாகி, அது விதியாகத் தட்டச்சு செய்யப்பட்டு, சாரின் கையெழுத்தோடு ஆய்வகக் கதவில் ஏறியது. நாலு மூலைக்கும் டேப் போட்டு ஒட்டியவள் நிதானம். தொண்ணூறு நிமிடமும் குடுவையின் முன்னால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குமிழ் விட்டுக்கொண்டே இருந்தால் குடுவையில் மட்டம் குறையும். கரைப்பான் ஆவியாகிப் போகிறது என்று குறிப்பேட்டில் எழுதி, குடுவையின் கழுத்தில் பேனாவால் போட்ட கோடு வரை புதிய கரைப்பானை ஊசியால் நிரப்புவாள். விதியில் இது இல்லை. அவளாகச் சேர்த்துக்கொண்ட கவனம்.

நாலாவது தடவை தண்ணீர் பளிங்குபோல இருந்தது. ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு விருந்தினர் அந்தச் சீசாவைத் தூக்கிப் பிடித்து, "என்ன தெளிவு!" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

பக்கத்து மேசைக்காரன் மின்னல். ஆராய்ச்சியில் அவளுக்கு ஒரு வருடம் மூத்தவன். காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டதுபோல் வேலை செய்வான். தொண்ணூறு நிமிட விதியை அவன் வாசித்ததாகவே தெரியவில்லை. குடுவையை ஐஸ் வாளியில் திணித்து, பத்து நிமிடம் நைட்ரஜன் விட்டு, சூடேற்றிவிட்டு டேபிள் டென்னிஸ் ஆடப் போய்விடுவான். ஐஸ் குடுவைக்காக வாங்கியதும் இல்லை. ஆய்வகத்தில் எதையும் குடிக்கக் கூடாது என்ற விதியை மீறி, அவன் ஜூஸ் பாட்டிலை அந்த வாளியில்தான் ஒளித்து வைப்பான். அவனுக்குப் பாலிமர் வந்துகொண்டே இருந்தது. அதிர்ஷ்டம் என்று சார் சொன்னார். நிதானமும் அப்படித்தான் நம்பினாள். அவன் மேல் கொஞ்சம் பரிதாபம்கூடப் பட்டாள்.

மூன்றாம் ஆண்டு மதிப்பீட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. மூன்று பேர் குழு. கையில் பாலிமர் இல்லாதவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பது விதிமுறை. எடுத்துவிட்டால் நேரே கொட்டகைக்குத்தான். தைக்கத் தெரியும். ஆனால் அண்ணி மெஷினை விட்டுக் கொடுக்க மாட்டாள். ஃப்ளூரின் மணியோ இருமல் மருந்து சீசாவைவிடச் சின்ன சீசாவில் ஆறு மில்லி மிச்சம். அடுத்த சீசா கப்பலில் வர நாலு மாதம்.

நாலாவது பாலிமரின் கணக்கைக் காந்த மெஷின் அறையில் வாங்கப் போனாள். எந்தச் சங்கிலியில் எத்தனை ஃப்ளூரின் மணி என்று அந்த மெஷின் சொல்லிவிடும். அதை ஓட்டுகிற அம்மாவை எல்லோரும் மெஷின் அக்கா என்பார்கள். பதினாறு வருடமாக எல்லோருடைய பொய்யையும் முதலில் பார்க்கிறவள்.

"அறுபது கேட்ட. ஆறு வந்திருக்கு" என்று தாளை நீட்டினாள். "ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சுக்காத. முதல்ல முப்பத்தெட்டு வந்துச்சு. அப்புறம் இருபத்தேழு, பதினஞ்சு, இப்ப ஆறு. மத்த பசங்களுக்கு ஏறும் இறங்கும். நீ மட்டும் படிக்கட்டுல இறங்குற மாதிரி ஒழுங்கா இறங்குற. தப்பைக்கூட இவ்வளவு ஒழுங்கா செய்ய முடியுமா?"

நிதானம் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. தன் இடத்துக்கு வந்து குறிப்பேட்டைத் திறந்தாள். ஒரு பக்கம் முப்பத்தெட்டு, இருபத்தேழு, பதினைந்து, ஆறு என்று எழுதினாள். எதிரே இருபது, நாற்பது, அறுபது, தொண்ணூறு என்று எழுதினாள். ரொம்ப நேரம் அந்த இரண்டு வரிசையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக்சிஜன் கெடுத்திருந்தால் நைட்ரஜன் ஏற ஏறக் கணக்கு தேற வேண்டும். இறங்குகிறது. அப்படியானால் வெளியே போகும் ஊசி வழியாகப் போவது காற்று மட்டுமில்லை.

மின்னலிடம் போனாள். "அண்ணா, உங்ககிட்ட சாதா மணி இருக்கா? ஃப்ளூரின் இல்லாதது, சீக்கிரம் ஆவியாகிறது."

"லிட்டர் கணக்குல இருக்கு. குளிக்கவா?"

அதை வழக்கமான கரைப்பானில் கலந்து, ஒரு துளியை எடுத்து வைத்தாள். பிறகு கதவில் ஒட்டிய விதிப்படி தொண்ணூறு நிமிடம் நைட்ரஜன். மட்டம் குறைந்ததும் தன் வழக்கப்படி கோடு வரை கரைப்பான். முடிந்ததும் இன்னொரு துளி. இரண்டையும் மெஷின் அக்கா ஓட்டிப் பார்த்தாள். மூன்றில் இரண்டு பங்கு மணி காணோம்.

இத்தனை நாளும் அவள் சீசாவில் உள்ளதை நைட்ரஜனில் ஏற்றி ஊதித் தள்ளிவிட்டு, போன இடத்தைக் கரைப்பானால் நிரப்பி, எதுவும் போகாத மாதிரி கோடு வரை கொண்டுவந்து வைத்திருக்கிறாள். தொண்ணூறு நிமிடம் சாரின் உத்தரவு, சரி. அந்தக் கோடு அவளுடையது. மட்டம் இறங்குகிறதே, என்ன போகிறது என்று ஒரு நாள்கூட அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் வேலையை நிறுத்த வேண்டியிருக்கும், சாரிடம் போக வேண்டியிருக்கும். நிரப்புவது சுலபம், பார்ப்பவர்களுக்குக் கவனமாகவும் தெரியும். தான் கவனம் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் எவ்வளவு கவனம், எவ்வளவு பயம் என்று பிரித்துச் சொல்கிற மெஷின் எந்த அறையிலும் இல்லை.

மறுநாள் காலையில் சார் அறைக்குப் போனாள். அவர் உற்சாகமாக இருந்தார். மேசையில் ஒரு விண்ணப்பம். காற்றே புகாத பெரிய கண்ணாடிப் பெட்டி ஒன்று உண்டு. பக்கவாட்டில் பதித்த ரப்பர் கையுறைகளில் கையை விட்டு உள்ளே வேலை செய்யலாம். அது வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரைபடம். அவளுடைய நாலு தோல்விகளும் வண்ணத்தில்.

"பாத்தியா, எவ்வளவு அழகா இறங்குது! இந்தக் கட்டடத்துல காத்துக் கசிவு மாசத்துக்கு மாசம் ஏறிட்டே போகுதுன்னு இதுக்கு மேல எப்படிக் காட்டுறது? நல்ல தோல்விம்மா. இந்த மாதிரி தோல்வி எல்லாருக்கும் அமையாது."

"சார், அது கசிவு இல்ல சார். நைட்ரஜன் ரொம்ப நேரம் விட்டதால மணி ஆவியாகிப் போயிடுச்சு. அளந்து பாத்துட்டேன்." தாளை நீட்டினாள்.

சார் தாளைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உனக்கு என்ன வேணும்? பட்டியல்ல பேர் இருக்கணும், அவ்வளவுதானே. கசிவுன்னு சொல்லு. உன் மேல தப்பு இல்லைன்னு ஆயிடும். ஒரு வருஷம் நீட்டிப்பு நான் வாங்கித் தரேன். பெட்டி வந்ததும் முதல் ஆளா நீதான் அதுல கை விடுவ. அந்த ஆறு மில்லிய இப்ப தொடாத. அதுவும் போச்சுன்னா என்கிட்ட வந்து நிக்காத."

வெளியே வந்தவள் மாடிப்படியில் உட்கார்ந்தாள். சார் சொன்னதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. பெயர் இருக்கும், பழி கட்டடத்தின் மேல் போகும். கட்டடம் மறுத்துப் பேசாது. அவள் வாழ்நாள் முழுக்கத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய வழி. ஆனால் அடுத்த வருடமும் இதே மாடிப்படியில், கசிவு எங்கே என்று தேடுகிறவர்களோடு சேர்ந்து தானும் தேடுவதுபோல் நடிக்க வேண்டும். தனக்கு நடிக்க வராது என்பது அவளுக்குத் தெரியும். பள்ளியில் மரமாக நின்றபோதே மூன்று தடவை ஆசிரியரிடம் சந்தேகம் கேட்டவள்.

எழுந்து நேரே மின்னலின் மேசைக்குப் போனாள். "அண்ணா, உங்க ஐஸ் வாளி வேணும்."

"ஜூஸை எடுத்துக்கட்டுமா, அதுவும் முறையில சேர்த்தியா?"

ஆறு மில்லியையும் எடுத்து, மஞ்சள் பொருள் முதலான மற்றவற்றோடு குடுவையில் விட்டு எடை பார்த்தாள். மணி ஆவியாகாமல் இருக்க ஐஸில் வைத்தாள். நைட்ரஜனைத் திறந்தாள். மெதுவாக, குமிழ்களை எண்ணிவிடலாம் போல. மின்னல் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"பத்து ஆச்சு."

"இன்னும் ரெண்டு நிமிஷம் அண்ணா. ஆக்சிஜன் மிச்சம் இருந்தா?"

"இருக்கட்டும். கொஞ்சம் இருந்தா மஞ்சள் தாங்கும். பதினொண்ணு. கைய எடு. எடுன்னு சொல்றேன்ல! ஊசிய நான் புடுங்கவா?"

அவளே பிடுங்கினாள். மறுபடி எடை பார்த்தாள். குறைந்திருந்தது உப்புக்கல் அளவு. கை தானாகக் கரைப்பான் சீசாவை நோக்கிப் போயிற்று. அதை இன்னொரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டாள். எண்ணெய்த் தொட்டியில் எழுபது டிகிரி, ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்தில் அவள் குறிப்பேட்டில் எழுதியது ஒரே வரி. அதையும் அடித்துவிட்டாள்.

அடுத்த நாள் மதியம் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டாள். சொட்டு விழுந்த இடத்திலிருந்து நீலம் மெல்லப் படர்ந்தது, ஊதுபத்திப் புகைபோல. ஜன்னலருகே கொண்டுபோனாள், நீலம் இருந்தது. கறுப்புத் தாளின் முன்னால் பிடித்தாள், இன்னும் நன்றாக இருந்தது.

"விளக்கோட நிறமா இருக்கும்" என்றான் மின்னல். அவனை அடிக்கக் கையில் வேறு எதுவும் இல்லாததால் குறிப்பேட்டால் அடித்தாள்.

மெஷின் அக்கா தாளை நீட்டினாள். ஐம்பத்தேழு.

மதிப்பீட்டு அறையில் குழுத் தலைவி நடுவில், இருபுறமும் இரண்டு பேர், ஓரத்தில் சார். சாரின் மடியில் பெட்டி விண்ணப்பம். நிதானம் சீசாவை மேசையில் வைத்தாள். பிறகு இரண்டு வரிசை எண்களையும் திரையில் போட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். கடைசி பாலிமர் எப்படி வந்தது என்றும் சொன்னாள். ஜூஸை மட்டும் விட்டுவிட்டாள்.

குழுத் தலைவி சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தொண்ணூறு நிமிஷம்னு யாரும்மா சொன்னது?"

சார் தன் பேனாவின் மூடியை ஆராய்ந்தார்.

"கதவுல இருக்கு மேடம். சார் சொன்னாங்க, நான்தான் ஒட்டினேன். மட்டம் குறையக் குறைய கரைப்பானை ஊத்தி நிரப்பினது என் யோசனை. அதை யாரும் சொல்லல. நிரப்பாம விட்டிருந்தா முதல் தடவையே தெரிஞ்சிருக்கும்."

குழுத் தலைவி சார் பக்கம் திரும்பினார். "அப்ப கசிவு இல்லை. அந்தப் பெட்டி எதுக்கு சார்?"

"மற்ற மாணவர்களுக்கு" என்றார் சார், கண் இமைக்காமல். "எல்லாரும் இவ்வளவு ஒழுங்கா இருப்பாங்கன்னு சொல்ல முடியாது இல்லையா?"

குழு கூடிப் பேச ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. பட்டியலில் பெயர் நின்றது. பெட்டியும் பிறகு வந்தது. ஒருவர் கேட்டதை இன்னொருவர் மறுப்பதில்லை என்கிற பொது நாகரிகத்தில் அப்படித்தான் எல்லாம் வருகிறது. கதவிலிருந்த விதியைக் கிழித்துவிட்டு, அதே எழுத்தில், அதே கையெழுத்தோடு, பத்து நிமிடம் என்று புதிய விதி ஏறியது. அதில் நீண்ட நாள் ஆய்வுக்குப் பிறகு கண்டறியப்பட்டது என்று ஒரு வரி கூடியிருந்தது.

மதிப்பீட்டுப் படிவத்தை அவளிடம் கையெழுத்துக்குக் கொடுத்தார்கள். நெறியாளர் குறிப்பு என்ற கட்டத்தில் சார் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார்: மாணவி கடந்த ஓராண்டாகக் கவனக்குறைவுடன் பணியாற்றினார். உரிய வழிகாட்டுதலுக்குப் பின் திருத்திக்கொண்டார். தேர்ச்சி.

மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அதுவேதான் இருந்தது. பென்சில் தேடாமல் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டாள். சற்றுக் கோணலாக விழுந்தது, அப்படியே விட்டுவிட்டாள்.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டாள். தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே அண்ணியின் குரல் வந்தது. "பாஸா, ஃபெயிலா? அதை முதல்ல சொல்லு."

"பாஸ் அண்ணி. ஆனா கவனக்குறைவுன்னு எழுதியிருக்காங்க."

மெஷின் சத்தம் நின்றது. "யாரை?"

"என்னை."

"உன்னையா? சாப்பிடற தட்டைக் கழுவிட்டு மோந்து பாக்கிற உன்னையா? ஏங்க, இங்க வாங்க, இதைக் கேளுங்க!" அதற்குப் பிறகு அண்ணியால் பேச முடியவில்லை. அண்ணன் போனை வாங்கினான், கேட்டான், அவனும் சிரித்தான். போன் கை மாறி அப்பாவிடம் போயிற்று. அவருக்கு எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

"எழுத்துல போட்டுட்டாங்களா?" என்றார்.

"ஆமாம்ப்பா. கையெழுத்தும் போட்டுட்டேன்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, இருக்கட்டும். அது ஒண்ணுதான் உன்கிட்ட இல்லாம இருந்துச்சு."